நான்காம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் பேசிக்கொள்ளட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்வி முதுமாணி செய்யும் ஆசிரியர்கள் ஆய்வேட்டைக் கையளிக்க முன்னர் மொழித் திருத்தத்துக்கு என்னிடம் கொண்டுவருவதுண்டு. அண்மைக்காலமாக வருபவற்றில் பெரும்பாலானவை ‘கலப்பு முறை ஆய்வு’, அதாவது எண் தரவையும் நேர்காணல் போன்ற சொல் தரவையும் சேர்த்துச் செய்யும் ஆய்வு. நான்காம் அத்தியாயம் முழுக்க எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருள் தரும் அட்டவணைகள். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க நேர்காணல் மேற்கோள்கள். ஒரே வீட்டில் கோபித்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றோடொன்று ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கடைசியாக வந்த ஆய்வேடு, சாதாரண தர வகுப்பு மாணவர் பாடசாலைக்கு ஏன் வருவதில்லை என்பது பற்றியது. வினாக்கொத்தில் அதிகமானோர் ‘சுகவீனம்’ என்று அடையாளமிட்டிருந்தார்கள். நேர்காணலிலோ ஒரு பையன், “பகல் ரியூசனுக்குப் போறனான் மிஸ்” என்கிறான். வேறு சிலரும் அதையேதான் சொல்கிறார்கள். முடிவுரையில் பார்த்தால், ‘இரு முறைகளும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தின’ என்றிருக்கிறது! வினாக்கொத்தை யார் சேகரித்தது என்று கேட்டேன். வகுப்பாசிரியராம். தன் வகுப்பாசிரியர் கையில் கொடுக்கும் தாளில் எந்தப் பிள்ளை உண்மையை எழுதும்? அந்த முரண்பாட்டில்தான் ஆய்வின் உயிரே இருக்கிறது. அதைப் பூசி மெழுகிவிட்டார்கள்.

இது நம்மவர்களுக்கு மட்டும் உரிய குறையல்ல. அமெரிக்காவில் ஜெனிபர் கிரீனும் இரு சகாக்களும் 57 மதிப்பீட்டு ஆய்வுகளைப் பரிசீலித்து 1989இல் எழுதிய கட்டுரையில், முறைகளைச் சேர்ப்பதற்கு ஐந்து நோக்கங்களைச் சொன்னார்கள். ஒன்றையொன்று சரிபார்ப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. முரண்பாட்டைத் தேடிப்பிடித்துப் புதிய கேள்வி எழுப்புவதும் அந்த ஐந்தில் அடங்கும். நம் மாணவர்களுக்கோ முதலாவது மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வரிசையும் முக்கியம். எண்களுக்கு விளக்கம் தேடத்தான் நேர்காணல் என்றால், எண்களைப் பார்த்த பிறகே ஆட்களைத் தெரிவுசெய்ய வேண்டும். வரவுப் பதிவேட்டை எடுத்து, அடிக்கடி வராத பிள்ளைகளைத் தேடிப் போயிருக்கலாம். அந்த ஆய்வில் பேட்டி கண்டது, அன்றைக்குப் பாடசாலைக்கு வந்திருந்த பிள்ளைகளை! மாறாக, களத்தில் என்ன நடக்கிறது என்றே தெரியாவிட்டால் முதலில் பேசிப் பார்த்து, பிள்ளைகள் சொன்னதை வைத்து வினாக்கொத்தை அமைக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ‘பகல் ரியூசன்’ என்றொரு தெரிவாவது அந்தத் தாளில் இருந்திருக்கும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வார இறுதி விரிவுரையில் இந்த விடயம் ஓரிரு சிலைட்டுகளோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் எல்லோருடைய கவலையும் ஆய்வு மாதிரியில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதில்தான். கொழும்பில் தமிழ்மொழி மூலம் முதுமாணி நடத்தும் நிறுவனங்கள் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, மாணவர்களைத் தத்தம் தரவுகளோடு உட்கார வைக்கலாம். ஒரு பக்கத்தில் எண், அதன் எதிரே அதே விடயத்தைப் பற்றிய மேற்கோள், மூன்றாவது நிரலில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன விளங்குகிறது என்பது. மூன்றாவது நிரலை நிரப்ப முடியாதவருக்கு ஏதாவது ஒரு ஆய்வு முறை மட்டுமே போதும். வினாக்கொத்து மட்டும் வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வும் நல்ல ஆய்வுதான். அதை மேற்பார்வையாளர்கள் வாய்திறந்து சொன்னால் பல பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.