பேராசைக்காரனின் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மாணவர்களின் புகையிலைப் பழக்கம் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், 'பெட்டிக்கடைக்காரர்களின் பேராசையே காரணம்' என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். சரி. 26 வருடமாகப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடலைமிட்டாயும் பென்சிலும் விற்று, இன்னும் தகரக் கூரையை மாற்ற முடியாத பேராசைக்காரன் நான்.

முன்பு நானும் சிகரெட் விற்றவன்தான். பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் சிகரெட் பற்றவைக்கக் கடையில் தொங்கவிட்டிருந்த தீக்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வியாபாரத்தில் பாதி அதோடு போயிற்று. பின்சுவரை ஒட்டிய கடையில் அந்தக் கயிறு இன்றும் புகைகிறது. கேட்டால், "ஸ்கூல் வாசல் முன்தெருவுலல்ல இருக்கு" என்கிறார். அளக்க வேண்டியது வாசலிலிருந்து அல்ல, சுற்றுச்சுவரிலிருந்து. நடந்து பார்த்தேன், 38 எட்டுதான். முன்பெல்லாம் "அப்பாவுக்கு" என்று பொய்யாவது சொல்வார்கள் பையன்கள். இப்போது விரலைக் காட்டினால் போதும், பழைய கணக்கு நோட்டுத் தாளில் மடித்து வந்துவிடுகிறது.

புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 வந்தால் அதிகாரிகளின் ஜீப் வரும். விற்காத என்னிடம், "60க்கு 30 சென்டிமீட்டர் எச்சரிக்கை போர்டு எங்கே?" என்றார்கள். விற்கிற கடைக்கு 200 ரூபாய் ரசீது. சிறுவர்களிடம் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை என்று சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்வது உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பிரிவில் எங்கள் ஊரில் ஒரு வழக்கு போட்டதாக உங்கள் பத்திரிகையில் நான் படித்ததில்லை.

குட்காவுக்கு 2013இலேயே தடை. அப்படியானால் மூட்டை மூட்டையாக வரும் சரக்கு என் மிட்டாய் பாட்டிலுக்குள்ளா விளைகிறது? வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு 2019இல் தடை. போன மாதம் ஒரு பையனின் பையிலிருந்து ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்று என் கடை வாசலில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மாம்பழ வாசம். "பென்டிரைவ் அண்ணாச்சி" என்றான். போனில் சொன்னால் வீட்டுக்கே வருகிறதாம். அதற்கும் பெட்டிக்கடைதான் காரணமா?

பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்தில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்று அரசின் வழிகாட்டு நெறி இருக்கிறது. எங்கள் தெருவில் அதைப் போடச் சொல்லி நாலு வரி எழுதுங்கள். பெயிண்ட் டப்பா நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெட்டிக்கடைக்காரர்
(பெயரும் ஊரும் போட வேண்டாம், பின்சுவர்க் கடைக்காரர் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டும்.)