வம்சாவளிப் புத்தகத்தில் அத்தைமார்களுக்கும் ஒரு வரி

நம் குலதெய்வக் கோயில் வம்சாவளிப் புத்தகக் குழுவில் இருக்கும் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். கும்பாபிஷேகத்தன்று வம்சாவளிப் புத்தகமும் வெளிவரும் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். முன்னோரைத் தேடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவள் நான். ஆனால் மாதிரிப் படியைப் பார்த்தால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டை அப்படியே எடுத்து எழுதியது போல இருக்கிறது. அப்பா, மகன், பேரன் என்று ஆண்களாகவே இறங்கி வருகிறது. ஒரு மனைவி பெயர் இல்லை, ஒரு மகள் பெயர் இல்லை.

"கட்டிக்கொடுத்தாச்சு, இனி அவங்களுக்கு வேற சாமி" என்பீர்கள். சரி, வரி வசூலிக்க அந்தக் கணக்கு போதும். வம்சம் எழுத எப்படிப் போதும்? நாம் கும்பிடும் அம்மனே கல்யாணம் ஆகாமல் இறந்துபோன நம் வீட்டுப் பெண்தான் என்று கதை சொல்லி வளர்த்ததும் நீங்கள்தானே.

இதில் தேடுகிறவர்களின் சிரமமும் இருக்கிறது. நம்மில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர்தான். அண்ணன் தம்பி நாலு பேரும் அப்படியே வைத்தால், ஒரே காலத்தில் ஒரே பெயரில் நாலு பேர். இனிஷியலோ ஒரு தலைமுறையோடு நின்றுவிடும். அப்போது யார் எந்தக் கிளை என்று பிரித்துக் காட்டுவது மனைவியின் பெயரும் அவள் பிறந்த ஊரும்தான்.

பழைய கிரயப் பத்திரங்களில் பெரும்பாலும் 'இன்னார் குமாரர் இன்னார்'தான். கணவர் இறந்து, மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகக் கைநாட்டு வைத்திருந்தால் ஒரு பெண்ணின் பெயர் தட்டுப்படும். 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. அதிலும், ஏற்கெனவே கல்யாணமானவர்கள் 2005 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு விடுதலைப் பத்திரங்களில் மகள்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால்தான் நம் அத்தைமார்களுக்குப் பதிவேட்டில் இடம்!

நல்ல ஆதாரம் நம் வீட்டுப் பரண்களில்தான் இருக்கிறது. மொய் நோட்டில் ஊர்ப் பெயரோடு எழுதியிருப்பார்கள். காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் இருக்கும். அதைப் பிடித்தால் அம்மா பிறந்த வீடு வரை போய்விடலாம். கருமாதிப் பத்திரிகையில் மகள்கள், மருமகன்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். இவற்றைத்தான் வெள்ளையடிக்கும்போது முதலில் தூக்கி எறிகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுப்பதை ஆடி முடியும்வரை தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு தலைக்கட்டும் பிறந்த பெண்கள், வந்த மருமகள்கள் பெயரையும் ஊரையும் எழுதித் தரட்டும். கல்யாணம் ஆகாதவர்களையும், பிள்ளை இல்லாதவர்களையும் விட்டுவிட வேண்டாம். எண்பதைத் தாண்டிய அத்தைகளிடம் முதலில் கேளுங்கள். மொய் நோட்டுகளைப் படம் பிடித்து அனுப்பினால் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. பக்கம் கூடினால் ஆகும் செலவுக்கு மகள்கள் வீட்டிலும் கேட்கலாம், என் பங்கை இப்போதே தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் பிறந்த மகள்