பிரசவ வலிக்கு வாயுவா என்று கேட்டாயே, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம். தையல் ஆறிவிட்டது. பால் தாராளமாக வருகிறது. ராத்திரித் தூக்கம்தான் இல்லை, அது வருகிறபோது வரட்டும். அப்பாவிடமும் சொல்.

போனில் பேசும்போது, வலிக்கு எனக்கு வாயு கொடுத்தார்கள் என்று சொன்னதுமே உன் குரல் மாறிவிட்டது. "சிரிப்பூட்டும் வாயுவா? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா? நினைவில்லாமலா பெற்றாய்?" என்று கேட்டுக்கொண்டே போனாய். பிள்ளை அழுததால் பாதியில் வைத்துவிட்டேன். சின்னவளும் இப்போது மாசமாக இருக்கிறாள், பிரசவத்தை நினைத்து அழுகிறாள் என்கிறாய். அதனால் நிதானமாக எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்று. நான் நினைவிழக்கவே இல்லை. கடைசி வரை யார் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை வெளியே வந்த நொடியும் தெரியும். அந்த வாயுவில் பாதி நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது நீ சொன்ன சிரிப்பூட்டும் வாயு; மீதிப் பாதி ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், இதில் 50. குழந்தைக்கு மூச்சு முட்டுமோ என்று பயப்பட்டாயே, அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இங்கே இங்கிலாந்தில், சிக்கல் இல்லாத பிரசவத்தை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மிட்வைஃப் என்கிற பயிற்சி பெற்ற மருத்துவச்சிதான் பார்க்கிறார். தேவைப்பட்டால் மட்டும் டாக்டரைக் கூப்பிடுவார்கள். எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. டாக்டர் எங்கே, டாக்டர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் வயிற்றைப் பார்க்க மிட்வைஃபிடம் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது: "வலிக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தீர்களா?" வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டி, வாயு, பெத்திடின் ஊசி, முதுகில் போடும் எபிடூரல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, எதில் என்ன நல்லது, என்ன தொல்லை என்று விளக்கினார். நான் சொன்னதை ஃபைலில் எழுதிக்கொண்டார். நடுவில் மனசு மாறினாலும் பரவாயில்லை என்றார். என் வலியை என்ன செய்வது என்று என்னையே கேட்டார்களே, அதிலேயே பாதி பயம் போய்விட்டது, அம்மா.

இனி அந்த வாயு. இங்கே எல்லோரும் 'கேஸ் அண்ட் ஏர்' என்கிறார்கள். சிலிண்டரில் என்டோனாக்ஸ் என்று இருக்கும். பெரும்பாலான பெண்கள் எடுத்துக்கொள்வது இதைத்தான். வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சின்ன சிலிண்டரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

சுவரிலிருந்து ஒரு நீளமான குழாய் வருகிறது. நுனியில் பிளாஸ்டிக்கில் ஒரு வாய்ப்பகுதி. அதைப் பல்லால் மெல்லக் கவ்வி, உதட்டை இறுக மூடிக்கொள்ள வேண்டும். சும்மா பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் வராது. நாம் மூச்சை உள்ளே இழுத்தால்தான் உள்ளிருக்கும் வால்வு 'கடக்' என்று திறந்து வாயு வரும். இழுப்பதை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். லேசாக ஒரு தித்திப்பு. கொஞ்ச நேரத்தில் வாய் வறண்டு போகிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும்.

இதில் நேரம்தான் எல்லாம். வாயு வேலை செய்ய ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. வலி உச்சத்துக்குப் போனபிறகு இழுத்தால், அது வேலை செய்ய ஆரம்பிக்கும்போது வலி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் வயிறு இறுக ஆரம்பித்த உடனே இழுக்க வேண்டும். அந்த மிட்வைஃப் தன் கையை என் வயிற்றின் மேலேயே வைத்திருந்தார். எனக்கு வலி தெரிவதற்குள் அவர் விரல்களுக்கு இறுக்கம் தெரிந்துவிடும். "இப்போ" என்பார். நான் கவ்விக்கொள்வேன். அவசரமாகக் குட்டி மூச்சு விடக்கூடாது, நிதானமாக, ஆழமாக இழுத்து, நிதானமாக விட வேண்டும். "தோளை இறக்குங்கள், தோளை இறக்குங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி வந்தால் தோள் தானாகக் காதுவரை ஏறிவிடுகிறது, அதை அவர் சொல்லித்தான் கவனித்தேன்.

சரி, வலி போய்விட்டதா? போகவில்லை. உண்மையைச் சொல்கிறேன். வலி அங்கேயேதான் இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இடுப்பைப் பிளக்கிற மாதிரி வந்தது எனக்குத் தெரிகிறது, ஆனால் அதோடு மல்லுக்கட்டத் தோன்றவில்லை. தலை லேசாகிவிட்டது, விரல் நுனியெல்லாம் மரத்து ஊறியது, பேச்சுக்குரல் தூரத்திலிருந்து வந்தது. வலி இறங்கியதும் குழாயை எடுத்துவிட்டுச் சாதாரணமாக நாலு மூச்சு விட்டால் தலை தெளிந்துவிடும். நுரையீரல் வழியாகப் போனது அதே வழியாக வெளியே வந்துவிடுகிறது. இரண்டு வலிக்கு நடுவில் நான் தண்ணீர் கேட்டேன், ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், உன்னிடம் போன் பண்ணிச் சொல்லச் சொன்னேன். மயங்கிக் கிடந்தவள் இதையெல்லாம் செய்வாளா?

குமட்டல் உண்டு. நான் வாந்தியும் எடுத்தேன், காகிதக் கூழில் செய்த ஒரு கிண்ணத்தை நீட்டினார்கள். சிலருக்குத் தலைசுற்றல் தாங்காமல் இதுவே வேண்டாம் என்று போய்விடுமாம். அப்படியானால் குழாயைக் கீழே வைத்துவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். இந்த வசதி ஊசியில் கிடையாது. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா?

ஒரு விஷயம் உன் மாப்பிள்ளை பற்றி. நான் துடிப்பதைப் பார்க்க முடியாமல், குழாயை எடுத்து அவரே என் வாயில் வைக்க வந்தார். மிட்வைஃப் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "அவர்தான் பிடிக்க வேண்டும், நீங்கள் பிடிக்கக்கூடாது" என்றார், கண்டிப்பாக. இவர் முகம் வாடிப்போனது. அப்புறம் காரணம் சொன்னார். அளவுக்கு மீறித் தூக்கம் வந்தால் பிடித்திருக்கும் கை தானாகத் தளர்ந்து கீழே விழுந்துவிடும், வாயு நின்றுவிடும். அதுதான் பாதுகாப்பு. வேறு யாராவது பிடித்துக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அன்பினால்கூட யாரும் பிடிக்கக்கூடாது. அதற்குப்பிறகு இவர் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இதுதான், அம்மா. பிரசவ அறையில் எல்லாமே நம் கையை மீறித்தான் நடக்கிறது. வலி எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எதுவும் நம் வசம் இல்லை. இது ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. எடுப்பதும் வைப்பதும் என் இஷ்டம். வலி எவ்வளவு குறைந்தது என்பதைவிட இதுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது.

எபிடூரல் இதைவிடப் பலமானது, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு மயக்க மருந்து டாக்டர் வர வேண்டும், கையில் ஊசி ஏற்றி வைப்பார்கள், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கண்காணிப்பார்கள், படுக்கையோடு இருக்க வேண்டியும் வரலாம். எனக்கு நடக்க வேண்டும், குனிய வேண்டும், கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று இருந்தது. சின்னவளுக்கு எபிடூரல்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால்தான் தாய் என்று யாராவது அவளிடம் சொன்னால், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

முக்க வேண்டிய நேரம் வந்ததும் குழாயை வைத்துவிடச் சொன்னார் மிட்வைஃப், அவர் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால். பிறகு தையல் போடும்போது, மரத்துப்போக ஊசி போட்டார்கள், குழாயையும் திரும்பக் கையில் கொடுத்தார்கள். அந்த நேரத்திலும் அது உதவியது.

குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டாய். நஞ்சுக்கொடி வழியாக அதற்கும் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. பிறந்து மூச்சுவிட ஆரம்பித்ததும் நம்மைப் போலவே வெளியே விட்டுவிடுகிறது. கருப்பை சுருங்குவதையும் இது குறைக்காது, பிரசவத்தை இழுத்தடிக்காது. பிறந்த உடனே மார்பில் போட்டார்கள், வாய் வைத்துக் குடித்தது.

உன் பெண்ணை வைத்துப் புதிதாக எதையோ சோதித்துப் பார்த்தார்கள் என்று நினைக்காதே. 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி உண்டாக்கிய வாயு இது. 1800-லேயே ஹம்ப்ரி டேவி என்ற இளைஞர், பிரிஸ்டல் ஊரில் தானே இழுத்துப் பார்த்து, இது வலியைப் போக்குகிறது, அறுவை சிகிச்சைக்குப் பயன்படலாம் என்று எழுதி வைத்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. 1844-இல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர்தான் எடுத்துப் பயன்படுத்தினார். பிரசவத்துக்கு இதைக் கொடுத்துப் பார்த்து 1881-இல் எழுதியவர் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்த கிளிகோவிச். இங்கே லிவர்பூலில் மின்னிட் என்ற டாக்டர் 1933-இல் பெண்களே பிடித்து இழுக்கும்படி ஒரு கருவி செய்தார். 1936 முதல் மிட்வைஃப்களே அதைக் கொடுக்கலாம் என்றார்கள். அந்தக் கருவி வாயுவோடு சாதாரணக் காற்றைத்தான் கலந்தது, அதனால் ஆக்சிஜன் குறைந்துபோகும் ஆபத்து இருந்தது. உன் பயம் அந்தக் காலத்துக்கு நியாயமானதுதான். 1961-இல் டன்ஸ்டால் என்ற மயக்க மருந்து டாக்டர், வாயுவையும் ஆக்சிஜனையும் பாதிப் பாதியாக ஒரே சிலிண்டரில் அடைக்க வழி சொன்னார். 1965-இல் மிட்வைஃப்கள் அதைக் கொடுக்கலாம் என்றார்கள். டேவி எழுதியதற்கும் பிரசவ அறைக்கு இது ஒழுங்காக வந்ததற்கும் நடுவில் எத்தனை தலைமுறைப் பெண்கள் கத்தித் தீர்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒருவேளை செய்தியில் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்பாய். இங்கே இளைஞர்கள் இதே வாயுவைச் சின்னக் குப்பிகளில் வாங்கி, பலூனில் நிரப்பி, போதைக்காக இழுக்கிறார்கள். 2023 நவம்பரில் அப்படி வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டார்கள். அதில் ஆக்சிஜன் கலப்பு கிடையாது. திரும்பத் திரும்ப இழுப்பதால் உடம்பிலிருக்கும் வைட்டமின் பி12 வேலை செய்யாமல் போய், நரம்பு கெட்டு, கால் மரத்து நடக்க முடியாமல் ஆகிவிடுகிறார்கள். பிரசவத்தில் சில மணி நேரம் எடுப்பதை அதோடு சேர்க்காதே.

நான் கவலைப்படுவது அந்த மிட்வைஃப்களைப் பற்றி. நாம் வெளியே விடும் வாயுவை நாள் முழுக்க அதே அறையில் அவர்கள் சுவாசிக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் காற்றோட்டம் சரியில்லாத சில மருத்துவமனைகள் இதைக் கொஞ்ச காலம் நிறுத்தியே வைத்தன. பூமிக்கும் இது நல்லதில்லை, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 270 மடங்கு சூடேற்றும் வாயு. ஸ்வீடனில் வெளிவிடும் வாயுவைப் பிடித்துச் சிதைக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். என்னையும் மூச்சைக் குழாய்க்குள்ளேயே விடச் சொன்னார் மிட்வைஃப். வலிக்கு நடுவிலும் முடிந்தவரை அப்படித்தான் செய்தேன். இது பெண்களிடமிருந்து பறிக்க வேண்டிய வசதி இல்லை, அறைக்கு நல்ல காற்றோட்டம் வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இனி சின்னவளுக்கு. டாக்டரிடம் போகும்போது, அங்கே என்டோனாக்ஸ் வைத்திருக்கிறார்களா, குழாயை அவளே பிடித்துக்கொள்ளலாமா என்று இப்போதே கேட்கச் சொல். வலி வந்தபிறகு கேட்க நேரம் இருக்காது. அவள் சுத்த சைவம், பி12 குறைவாக இருக்கலாம். அதை ரத்தத்தில் பார்த்துவிடச் சொல். குறைவாக இருந்தால் டாக்டர் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார், வாயு எடுக்கலாமா என்றும் அவரே சொல்வார். காதிலோ கண்ணிலோ சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருந்தாலும், குடல் அடைப்பு இருந்தாலும் இது கூடாது. உடம்புக்குள் அடைபட்ட காற்று இருக்கும் இடத்தில் இந்த வாயு புகுந்து அதைப் பெருக்கிவிடும். அப்புறம் அந்த நிதானமான மூச்சு. அதை இன்றிலிருந்தே பழகட்டும், தோளை இறக்கி, மெல்ல இழுத்து, மெல்ல விட்டு. வாயு கிடைக்காவிட்டாலும் அந்த மூச்சு கைகொடுக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது, என்னென்ன பயம் என்று ஒன்றுவிடாமல் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் மூத்தவள்