முழங்கால் சவ்வைத் தைப்பதா, வெட்டுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் இப்போது யாராவது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் சவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்துவிட்டது என்றால், "அது ஒன்றுமில்லை, சின்னத் துளை போட்டுச் செய்வார்கள், அடுத்த நாளே வீட்டுக்கு வரலாம்" என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். விளம்பரங்களும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கின்றன. சரி, துளை சின்னதுதான். உள்ளே என்ன செய்யப்போகிறார்கள் என்று ஏன் யாருமே கேட்பதில்லை?

கிழிந்த துண்டை வெட்டி எடுக்கலாம், இல்லாவிட்டால் தைக்கலாம். வெட்டினால் சில வாரங்களில் எழும்பி நடமாடலாம், தைத்தால் பழையபடி விளையாட மாதக்கணக்காகும், அதனால் வெட்டுவதுதான் நல்லது என்று வீட்டார் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பாரத்தைப் பங்கிட்டுத் தாங்குவதே அந்தச் சவ்வுதான், அதை எவ்வளவு வெட்டுகிறோமோ அவ்வளவுக்குப் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வுக்கு இடம் கொடுக்கிறோம். எல்லாக் கிழிவையும் தைக்கவும் முடியாது. வெளி ஓரத்துக்குத்தான் நல்ல இரத்த ஓட்டம், உள்விளிம்பில் தைத்தால் லேசில் ஒட்டாது. சின்னத் துளையால் கமரா விட்டுப் பார்த்துத் தைப்பது ஒன்றும் நேற்று வந்த வித்தையல்ல, டோக்கியோவில் 1969 இலேயே செய்துவிட்டார்கள்.

என் அக்கா மகனுக்கு உதைபந்தாட்டத்தில் முழங்கால் மடங்கியபடியே இறுகி, நீட்டவே முடியாமல் போனது. இளம் பிள்ளை என்று தைத்தார்கள், அது சரியான முடிவு. ஆனால் வெள்ளவத்தையில் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் ஊன்றுகோலோடு எப்படி இறங்குவான் என்று வைத்தியசாலையில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினான். வீட்டில் இருப்பதோ குந்தும் கழிப்பறை. தைத்த முழங்காலோடு சில மாதங்களுக்குக் குந்தவே கூடாது என்று பிசியோதெரபிக்குப் போன இடத்தில் சொன்ன பிறகுதான் அக்கா கொமட் கதிரை தேடி ஓடினார். வீட்டுக்கு அனுப்பும்போது இதை ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் என்ன?

ஐம்பது தாண்டியவர்கள் கதை வேறு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் கிழிவு என்று கண்டதும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கேட்கிறார்கள், ஆனால் அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேனில் கிழிவு தெரியும். பின்லாந்தில் தேய்வால் வந்த கிழிவு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையாகவே வெட்டி, மற்றவர்களுக்கு வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்து பார்த்தார்கள்; ஒரு வருடம் கழித்து இரு பக்கத்தாருக்கும் வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 2013 இல் வெளிவந்த ஆய்வு இது. இப்படிப்பட்டவர்கள் முதலில் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்கட்டும், பணமும் மிச்சம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை முழங்காலைப் பற்றிப் போடுவதானால், ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் எழுதி வாங்குங்கள். மாடிப்படி, பஸ் ஏறுவது, கோயிலில் சம்மணம் கட்டி உட்கார்வது எல்லாம் எப்போது தொடங்கலாம் என்று அவர்கள் எழுதட்டும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06