ஸ்ட்ரோப் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த நீருக்கடிப் படக் கட்டுரையில் கேமராவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு ஸ்ட்ரோப் விளக்கை, அதாவது நீருக்கடியில் பயன்படுத்தும் ஃபிளாஷை, ஒரே வரியில் முடித்தது எனக்கு ஏமாற்றம்தான். பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு கிட்டத்தட்ட காணாமல் போய்விடும், எந்தக் கேமராவாக இருந்தாலும் பவளம் நீலச் சாம்பலாகத்தான் விழும், அந்த நிறத்தை மீட்டுத் தருவது ஸ்ட்ரோப்தான்.

விற்பவர்கள் முதலில் கைடு நம்பரை, அதாவது ஃபிளாஷின் பவரைக் காட்டும் எண்ணைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் காற்றில் அளந்தது, தண்ணீருக்குள் பாதிக்கும் கீழே போய்விடும். வைட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒளி எத்தனை டிகிரி விரிகிறது என்று கேட்க வேண்டும், நூறுக்குக் குறைந்தால் படத்தின் ஓரங்கள் இருண்டுவிடலாம்.

எங்கள் புதுச்சேரிக் கடல் பல நாள் கலங்கித்தான் இருக்கும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஸ்ட்ரோப் இருந்தால், மழையில் ஹெட்லைட் போட்ட மாதிரி மிதக்கும் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அதனால் பவரைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, ஸ்ட்ரோபைத் தாங்கும் நீளமான கைகளுக்குப் பணம் ஒதுக்குங்கள், இரண்டு ஸ்ட்ரோபையும் தள்ளி வைத்துச் சற்று வெளிப்பக்கமாகத் திருப்புங்கள்.

அப்புறம், ஸ்ட்ரோபைக் கேமராவோடு இணைப்பது ஃபைபர் கேபிளா மின் கேபிளா, உங்கள் ஹவுசிங் (கேமராவின் நீர்புகா உறை) எதை ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பேட்டரி மூடியில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தாலே உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இதையெல்லாம் தனிக் கட்டுரையாகவே வெளியிடுங்கள்.

வாசகர், புதுச்சேரி