திருமண மண்டபங்களில் குழந்தைகளுக்கென ஓர் அமைதி அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பு ஒன்றுக்கு என் மகள் வயிற்றுப் பேத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். அவளுக்கு வயது மூன்றரை. வாசலில் செண்டை மேளம், உள்ளே இன்னிசைக் கச்சேரி, மேடையில் புகை கக்கும் எந்திரம், தலைக்கு மேலே ட்ரோன் கேமரா, போதாததற்கு வருவோர் போவோரெல்லாம் கன்னத்தைக் கிள்ளும் அன்பு என எல்லாமாகச் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் குழந்தையைத் திணறடித்துவிட்டன. முதலில் அவள் பேசுவதை நிறுத்தினாள். பிறகு என் முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள். அதன் பின் காதுகளைப் பொத்திக்கொண்டு பந்தி மேசைக்கு அடியில் புகுந்தவள், வெளியே இழுக்க முயன்றவரின் கையைக் கடித்துவிட்டாள். “பாட்டி கொடுக்கிற செல்லம்” என்றார் ஒருவர். “ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர், நல்லெண்ணத்தோடுதான், தம் கைப்பேசியில் பொம்மைப் படத்தை ஓடவிட்டு மேசைக்கு அடியில் நீட்டினார்.

அடம் வேறு, திணறல் வேறு என்பதைப் பலரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அடம் பிடிக்கும் குழந்தைக்கு வேண்டியது ஒன்று உண்டு. அது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். அழுதுகொண்டே நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கவும் செய்யும். திணறிப்போன குழந்தைக்கோ எதைக் கொடுத்தாலும் ஆறாது, கொடுத்ததையே வீசியெறியும், தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற நினைவும் அதற்கு இருக்காது. உணர்ச்சியை அடக்கியாளும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ 25 வயதாகும் என்கிறது மருத்துவ அறிவியல். அப்படியிருக்க, மூன்று வயதுக் குழந்தையிடம் “அழுகையை நிறுத்து” என்று அதட்டுவதும், பூச்சாண்டியையோ போலீஸ்காரரையோ துணைக்கு அழைப்பதும், ஏற்கெனவே அஞ்சி நடுங்கும் உடம்புக்கு இன்னோர் அச்சத்தைக் கூட்டிக் கொடுப்பதாகவே முடியும்.

அன்று நான் அவளோடு பேசவில்லை. அந்த நேரத்தில் என் பேச்சும் அவளுக்கு இன்னோர் இரைச்சல்தான். மற்றவர்களை விலகி நிற்குமாறு சைகை காட்டிவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து, முதலில் என் மூச்சு சீராகும்வரை காத்திருந்தேன், ஏனெனில் பெரியவரின் படபடப்பு மடியிலிருக்கும் குழந்தையையும் தொற்றிக்கொள்ளும். அவளாக என் விரலைப் பிடித்த பிறகே தோளோடு இறுக அணைத்துத் தூக்கிச் சமையற்கட்டின் பின்புறம் கொண்டு சென்றேன். அங்கே தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து அவளுடைய இரு கைகளிலும் வைத்து, பத்தடி தள்ளி அமர்ந்திருந்த பெரியவரைக் காட்டினேன். வயிற்றோடு அணைத்தபடி மெல்ல நடந்து போய்க் கொடுத்தாள். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பையில் போட்டார். இரண்டாவது தேங்காயின்போது விம்மல் இருந்தது, ஐந்தாவதில் இல்லை. பதினோராவதைத் தூக்கிப் போகும்போது நின்று, “இதுக்குக் குடுமி இல்ல பாட்டி” என்றாள். அதன் பிறகுதான் நானும் பேசினேன்.

இதில் மாயம் எதுவும் இல்லை. கனமான பொருளைத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, பிசைவது ஆகியவை தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் ஆழ்ந்த அழுத்தத்தைத் தருகின்றன. சிதறிப்போன குழந்தையின் கவனம் அந்த அழுத்தத்தைப் பற்றிக்கொண்டு உடம்புக்குத் திரும்புகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் ஏயர்ஸ் என்ற அம்மையார் கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் புலன் ஒருங்கிணைப்பு என்ற பெயரில் இத்தகைய பயிற்சிகளுக்கு ஒரு கோட்பாட்டை வகுத்தார். அன்றாடச் செயல்களைப் பழக்குவதன் வழியே சிகிச்சை தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் இன்றும் அவ்வழியில் பயிற்சி தருகிறார்கள். நம் வீடுகளில் இது பெயரில்லாமலேயே இருந்து வந்திருக்கிறது. பருத்திச் சேலையில் கட்டிய தூளி குழந்தையை எல்லாப் பக்கமும் அணைத்துக்கொண்டு ஒரே சீராக ஆட்டுவதால் தொட்டிலைவிட ஒரு படி மேல் என்பது என் அனுபவம். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தை அசைந்தாடுவதற்குச் செங்கீரை என்றும், கைகொட்டுவதற்குச் சப்பாணி என்றும் தனித்தனிப் பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள்.

அங்கன்வாடியில் புதிதாகச் சேரும் குழந்தைகளை அமைதிப்படுத்துவதற்கு எங்களிடம் விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவும் இருந்ததில்லை. ஒரு குழந்தைக்குத் தண்ணீர்: இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுத்து, காப்பி ஆற்றுவதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஊற்றச் சொன்னால் கால் மணி நேரம் உலகத்தை மறந்திருக்கும்; தரை ஈரமானால் ஆயாம்மா முணுமுணுப்பார், அவ்வளவுதான். இன்னொன்றுக்குச் சப்பாத்தி மாவு, வேறொன்றுக்குத் தாம்பாளத்தில் பரப்பிய கேழ்வரகு. (தானியத்தை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதில் இதை அருகிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் செய்யவே கூடாது.) அழுகையில் மூச்சு முட்டும் குழந்தைக்கு நான் அதிகம் நம்பியது ஊதும் விளையாட்டுகளைத்தான். பனையோலைக் காற்றாடியை ஊதிச் சுற்றுவது, பூவரச இலையில் பீப்பி செய்து ஊதுவது, இரண்டும் இல்லையென்றால் உள்ளங்கையைக் குவித்து “பால் சுடுது, ஊதி ஆத்து” என்று விளையாட்டாகச் சொல்வது. மூச்சை நீளமாக வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது என்ற உடலியல் உண்மையைக் குழந்தைக்கு விளக்க முடியாது. பால் ஆற்றக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் இவற்றைக் குழந்தை நல்ல மனநிலையில் இருக்கும்போதே பழக்கியிருக்க வேண்டும். கதறும் நேரத்தில் முதன்முதலாகக் காற்றாடியை நீட்டினால் அது பிய்த்தெறியப்படும்.

எல்லாக் குழந்தைகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அணைத்தால் அடங்கும் குழந்தையும் உண்டு, தொட்டாலே துள்ளி விலகும் குழந்தையும் உண்டு. பின்னதை வம்பாக மடியில் இழுத்து வைக்காமல், கண்ணெட்டும் தூரத்தில் அமர்ந்து, மங்கிய வெளிச்சத்தில் தனியே விட்டால் போதும். மிக்ஸி ஓடினாலோ குக்கர் விசில் அடித்தாலோகூட நாள்தோறும் கதறும் குழந்தையென்றால், பெற்றோர் தங்களையும் குழந்தையையும் நொந்துகொள்வதை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணமின்றிப் பரிசோதனை செய்கிறார்கள்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கடிதம் நேர்மையானதாக இராது, ஏனெனில் பேருந்துப் பயணம் ஒன்றில் நானே அதைக் கொடுத்திருக்கிறேன். குழந்தை அடங்கியது உண்மை. திரும்ப வாங்கியபோது முன்னைவிட இரண்டு மடங்கு கதறியதும் உண்மை. ஒளியாலும் ஒலியாலும் திணறிய குழந்தைக்கு மேலும் ஒளியையும் ஒலியையும் அல்லவா கொடுத்திருக்கிறோம்? 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதினும் குறைவது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியது. ஒரே வரவேற்பு நிகழ்ச்சியில் அந்த ஒரு மணி நேரமும் தீர்ந்துவிடுகிறது.

இனி என் வேண்டுகோள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைத் தடுப்பதன் மூலம் வெளியே குடியிருப்போரின் உறக்கத்தைக் காக்க முனைகின்றன. மண்டபத்தின் உள்ளே, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேரெதிரே தாயின் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கு அவற்றால் பயனில்லை. கச்சேரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பார் இல்லை. பேருந்து நிலையங்களில் தாய்ப்பாலூட்டும் அறைகளை 2015-இல் தமிழக அரசு திறந்தபோது, இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் இருந்தார்கள். இன்று அவை இல்லாவிட்டால்தான் கேட்கிறார்கள். அதுபோல ஒவ்வொரு மண்டபத்திலும் மேடையிலிருந்து தள்ளி, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையைக் குழந்தைகளுக்கென ஒதுக்குவதை உள்ளாட்சி அமைப்புகள் மண்டப உரிமத்துக்கான விதிகளில் சேர்க்கலாம். அதற்குச் செலவும் பெரிதில்லை. ஒரு பாய், கொக்கியில் ஒரு தூளி, ஒரு வாளித் தண்ணீர், நாலு டம்ளர், அணைத்துவிடக்கூடிய விளக்கு இருந்தால் போதும். பெரும்பாலான மண்டபங்களில் சீர்வரிசைச் சாமான் வைப்பதற்கென்று ஓர் அறை இருக்கிறது. சாமான் மேடைக்குப் போன பிறகு அது பூட்டித்தான் கிடக்கிறது.

ஆவணியில் எங்கள் குடும்பத்தில் இன்னொரு திருமணம் இருக்கிறது. அந்த மண்டபத்தின் மேலாளரிடம் சீர்வரிசை அறையின் சாவியை இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று அவர் கேட்டபோது, தாம்பூலப் பைக்கான தேங்காய் மூட்டையையும் அங்கேயே இறக்கிவிடச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
லால்குடி வட்டம், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.