படத்தில் இருக்கும் குழந்தையைத் தேடுவது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போக்சோ சட்டம் பற்றிக் காவலர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்ததாக மாவட்டச் செய்திப் பக்கங்களில் அவ்வப்போது படம் வருகிறது. மேடை, பொன்னாடை, சட்டப் பிரிவுகளை வரிசையாகச் சொல்லும் ஒரு பேச்சாளர். சட்டம் தெரிய வேண்டியதுதான். ஆனால், இணையவழிக் குழந்தைச் சுரண்டல் வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை. தகவல் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் இடங்களில் நழுவுகின்றன. அந்த இடங்களுக்கான பயிற்சியைத்தான் காணோம்.

இத்தகைய வழக்குகளில் பல, அமெரிக்காவில் தொடங்குகின்றன. காணாமல்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான அந்நாட்டுத் தேசிய மையம் 1998 முதல் 'சைபர் டிப்லைன்' என்ற புகார் பெறும் அமைப்பை நடத்தி வருகிறது. குழந்தையின் பாலியல் படம் தங்கள் தளத்தில் இருப்பது தெரியவந்தால், அமெரிக்க நிறுவனங்கள் இந்த மையத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். நமது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 ஏப்ரலில் அந்த மையத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்றிலிருந்து இந்தியா தொடர்பான தகவல்கள் டெல்லிக்கு வந்து, மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு மகளிர் காவல் நிலையத்தின் மேசையிலோ மாவட்ட சைபர் கிரைம் பிரிவிலோ வந்து சேர்கின்றன. 2023-இல் உலகெங்கிலும் இருந்து மையத்துக்கு வந்த அறிக்கைகள் 3.62 கோடி. அதில் இந்தியாவோடு தொடர்புள்ளவை ஏறத்தாழ 89 லட்சம். நாடுகளின் வரிசையில் முதலிடம். அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று பொருளல்ல. ஒரே காணொளியை ஆயிரம் பேர் அனுப்பினால் ஆயிரம் அறிக்கை பிறக்கும். 2024-இல் மொத்தம் 2.05 கோடியாக இறங்கியது. ஒரே நிகழ்வின் அறிக்கைகளைச் சேர்த்துக் கட்டித் தரும் முறை வந்ததும், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாத முழுக் குறியாக்கத்துக்குப் பெரிய அரட்டைச் செயலிகள் மாறுவதும் காரணங்களில் அடக்கம். எண்ணிக்கை இறங்கியதைக் காட்டிக் குற்றம் இறங்கியதாக யாரும் பெருமை பேசாமல் இருந்தால் சரி.

முதல் நழுவல் கடிகாரத்தில். டிப்லைன் அறிக்கையில் உள்ள நேரம் பொதுவாக யு.டி.சி. எனப்படும் உலக நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. மார்ச் 4, 19:40 என்று இருந்தால் இங்கே மார்ச் 5 அதிகாலை 1:10, தேதியே மாறிவிடுகிறது. இதைக் கவனிக்காமல் மார்ச் 4 இரவு 7:40-க்கு அந்த ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்ணை, யார் வைத்திருந்தார் என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டால், வேறு யாரோ ஒருவரின் பெயர் பதிலாக வரும். அந்த வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டினால், தெருவே பார்த்த அந்த அவமானத்தை எந்த மன்னிப்புக் கடிதமும் துடைக்காது.

நேரம் சரியாக இருந்தாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. பழைய வகை ஐபி முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால், செல்போன் நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அவர்களைப் பிரித்துக் காட்டுவது 'போர்ட் எண்' மட்டுமே. அறிக்கையில் போர்ட் எண் இருந்தும் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டால், பதிலாக வருவது நீண்ட பெயர்ப் பட்டியல். போர்ட் எண்ணே இல்லாதபோதும் கை விரிக்க வேண்டியதில்லை. அதே கணக்கு வேறு நாள்களில், வேறு முகவரிகளிலிருந்து நுழைந்த விவரங்களைத் தளத்திடம் வாங்கி, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பட்டியல் பெற்று, எல்லாப் பட்டியலிலும் பொதுவாக நிற்கும் எண் எது என்று பார்க்க வேண்டும். நான்கைந்து பட்டியலில் பெரும்பாலும் ஆள் தெரிந்துவிடும். புதிய வகை நீள முகவரி என்றால் இந்தக் கூட்டல் கழித்தல் அவ்வளவாகத் தேவைப்படாது; ஆனால் அதைப் பார்த்துக் கையால் எழுதும் பழக்கத்தை விட வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் வேறு வீடு.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் குற்றவாளி என்றும் முடிவு கட்டக் கூடாது. வீட்டு வைஃபையை மாடியில் குடியிருப்பவர் பயன்படுத்தலாம். சிம் கார்டு அண்ணன் பெயரில், போன் தம்பி கையில் இருக்கலாம். சந்தாதாரர் பெயர் விசாரணையின் தொடக்கம் மட்டுமே.

இரண்டாவது நழுவல் தாமதம். அறிக்கை கைக்கு வந்த அன்றே செய்ய வேண்டிய வேலை, கணக்கில் உள்ள தரவை அழியாமல் வைத்திருக்கும்படி அந்தத் தளத்துக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புவது. அமெரிக்கச் சட்டப்படி அது 90 நாள் காக்கும், நீட்டிக்கவும் செய்யலாம். கணக்கு யாருடையது, எங்கிருந்து நுழைந்தார் என்ற அடிப்படை விவரங்களைப் பல நிறுவனங்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 94-ஆம் பிரிவு நோட்டீஸுக்கே தங்கள் இணையவாசல் வழியாகத் தந்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் உரையாடல் வேண்டும் என்றால், இரு நாட்டுச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே போக வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும். இந்த வேறுபாடு தெரியாத நிலையங்கள் முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் கேட்கின்றன, மறுப்பு வருகிறது, கோப்பு அலமாரிக்குப் போகிறது. உள்நாட்டில் இணைய இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு உரிம விதி 2021 டிசம்பரில் திருத்தப்பட்டது. டெல்லி, தலைமையகம், மாவட்டம், நிலையம் என ஒவ்வொரு படியிலும் கோப்பு சில மாதம் உட்கார்ந்தால், அந்த இரண்டு ஆண்டும் போதாது.

சோதனைக்குப் போகும் நாளில் நடக்கும் பிழைகள் வேறு வகை. ஓடிக்கொண்டிருக்கும் செல்போனை 'பத்திரமாக' அணைத்து உறையில் போடுவது அவற்றில் முதன்மையானது. ஒருமுறை பூட்டு திறக்கப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் போனிலிருந்து ஆய்வகம் எடுக்கக்கூடியதும், அணைத்து மறுபடி உயிர்ப்பித்த போனிலிருந்து எடுக்கக்கூடியதும் ஒன்றல்ல. அணைத்ததும் உள்ளே பெரும்பாலானவை குறியாக்கப் பூட்டுக்குள் போய்விடும். எனவே ஏரோபிளேன் மோடு போட்டு, அலை புகாத ஃபாரடே பையில் வைக்க வேண்டும். பைக்குள் போன் சிக்னல் தேடினால் பேட்டரி வேகமாகக் காலியாகும். ஒரு பவர் பேங்கையும் இணைத்தே வைத்துக் கட்ட வேண்டும். சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒளி-ஒலிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு. நல்ல விதிதான். ஆனால் அந்தப் பதிவில் போன் திரையில் இருக்கும் குழந்தையின் படம் விழுந்துவிட்டால், அந்தக் குழந்தையின் படத்துக்கு இன்னொரு பிரதியைப் போலீஸே உண்டாக்கியதாகிவிடும். திரையை மறைத்தபடி பதிவு செய்யப் பழக்கித் தர வேண்டும்.

கைப்பற்றிய பிறகு, 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்று நிலையத்தில் கேலரியைத் திறப்பது எல்லாவற்றையும்விடக் கெடுதலானது. கைப்பற்றியதற்கான பதிவான மகஜரை எழுதிய நேரத்துக்குப் பிறகு போன் பயன்படுத்தப்பட்ட தடம் உள்ளேயே பதிந்துவிடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது ஒன்று போதும். சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ.வின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதி சாதனத்தைப் பொறுப்பில் வைத்திருந்தவர் தருவது. இரண்டாம் பகுதி நிபுணர் தருவது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கணிதக் கைரேகை, குறிக்கப்பட வேண்டும். மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க் என்றால் உள்ளே எதையும் மாற்றவிடாத எழுத்துத் தடுப்புக் கருவி வழியாக இணைத்து, இடத்திலேயே ஹாஷ் எடுத்து மகஜரில் எழுதலாம். ஓடும் செல்போனுக்கு அப்படி முடியாது. அதன் உள்ளடக்கம் நொடிக்கு நொடி மாறுகிறது. அதிலிருந்து பிரித்தெடுத்த கோப்புக்கே ஹாஷ் எடுக்க முடியும். இந்த வேறுபாட்டைச் சாட்சிக் கூண்டில் நின்று நீதிபதிக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லத் தெரியாத விசாரணை அதிகாரியின் வழக்கு ஆட்டம் காண்கிறது. மின்னணுப் பிரதிகளைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் கீழ். விதி புதிதல்ல.

அம்பத்தூர் வழக்கையே பாடமாக வைக்கலாம். போனில் குழந்தைகளின் பாலியல் படம் வைத்திருந்ததாக ஒருவர் மீது, டிப்லைன் தகவலின் பேரில் 2020 ஜனவரியில் அங்குள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவானது. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி, வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. போக்சோ 15-ஆம் பிரிவின் மூன்று உட்பிரிவுகளும் மூன்று தனிக் குற்றங்கள் என்றும், ஒன்று பொருந்தாவிட்டால் மற்ற இரண்டும் பொருந்துமா என்று போலீஸும் நீதிமன்றமும் பார்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. முதல் உட்பிரிவு, பகிரும் நோக்கத்தோடு வைத்திருந்து அழிக்காமலும் தெரிவிக்காமலும் இருப்பது. இரண்டாவது, அனுப்பவோ பரப்பவோ வைத்திருப்பது. மூன்றாவது, வணிகத்துக்காக வைத்திருப்பது. நோக்கத்தைக் காட்டப் போனிலேயே தடயம் இருக்கும். கோப்பு தானாக இறங்கியதா, அனுப்பியவற்றுக்கான கோப்புறையில் இருக்கிறதா, வேறிடத்துக்கு மாற்றிப் பெயர் வைக்கப்பட்டதா என்பவற்றை ஆய்வகத்திடம் கேள்வியாக எழுதிக் கேட்க வேண்டும். 'ஆபாசப் படம் உள்ளதா?' என்று ஒற்றைக் கேள்வி அனுப்பினால், 'உள்ளது' என்று ஒற்றைப் பதில்தான் வரும்.

இனி, இந்தக் கடிதத்தின் தலைப்புக்கு வருகிறேன். படம் வைத்திருந்தவர் கைதானதும் கோப்பு பாதி முடிந்ததாகக் கருதப்படுகிறது. அந்தப் படத்தில் உள்ள குழந்தை யார்? எங்கே இருக்கிறது? இன்னும் அதே வீட்டில், அதே ஆளிடம் சிக்கியிருக்கிறதா? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான கோப்புகளில் ஒரு தாள்கூட இருப்பதில்லை. 'வெளிநாட்டுப் படம் சார்' என்ற பதில் எளிதாக வருகிறது. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் சரிபார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதில் அது.

சரிபார்க்க வழி உண்டு. குழந்தைச் சுரண்டல் படங்களுக்கென இன்டர்போல் ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது, 2022-இல் சி.பி.ஐ. மூலம் இந்தியாவும் அதில் இணைந்தது. ஒரு படத்தில் உள்ள குழந்தை ஏற்கெனவே எங்காவது அடையாளம் காணப்பட்டதா, இல்லை இது புதிய படமா என்று அதில் பார்க்கலாம். புதிய படம் என்றால் அது அபாய மணி; அந்தக் குழந்தை இப்போதும் ஆபத்தில் இருக்கக்கூடும். மாவட்ட அதிகாரி மாநிலத் தலைமையகம் வழியே சி.பி.ஐ.க்கு அனுப்ப வேண்டும். இந்த வழி இருப்பதே தெரியாத நிலையங்கள் இருக்கின்றன.

தேடல் என்பது படத்தின் பின்னணியைப் படிப்பது. சுவரில் உள்ள பிளக் பாயின்ட் எந்த நாட்டு வகை, காலண்டரில் எந்தக் கடையின் பெயர், பள்ளிச் சீருடை என்ன நிறம், தொலைக்காட்சியில் ஓடுவது எந்தச் சேனல், மூலையில் கிடக்கும் பை எந்த ஊர் ஜவுளிக் கடையினுடையது. குழந்தையின் முகம் இதில் தேவையே இல்லை. முகத்தை மறைத்த, பின்னணி மட்டும் வெட்டியெடுத்த துண்டுகளைக் கொண்டே வேலை செய்யலாம், செய்யவும் வேண்டும். காணொளியில் குரல் இருந்தால் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பேசுவது நாகர்கோவில் தமிழா, கோவைத் தமிழா, யாழ்ப்பாணத் தமிழா என்று நல்ல காதுள்ள தலைமைக் காவலர் ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். டெல்லியிலோ இன்டர்போல் தலைமையகம் உள்ள லியோனிலோ உட்கார்ந்திருக்கும் நிபுணருக்கு அது முடியாது. அந்தக் காதை எந்தப் பயிற்சியும் இதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படங்கள் வரத் தொடங்கியிருப்பதால் வேலை இன்னும் கூடியிருக்கிறது. உண்மைக் குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாத கணினிப் படமும் குற்றமே என்று 2019-இன் போக்சோ திருத்தம் சொல்லிவிட்டது. ஆனாலும் தேடுவதற்கு ஒரு குழந்தை இருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

ஆகவே பயிற்சியை இப்படி மாற்றச் சொல்கிறோம். மகளிர் காவல் நிலைய ஆய்வாளர், சைபர் கிரைம் பிரிவினர், தடய ஆய்வகத்தார், அரசு வழக்கறிஞர், குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், தொலைபேசி நிறுவனத்தின் தொடர்பு அதிகாரி ஆகியோரை ஒரே அறையில் இரண்டு நாள் உட்கார வைத்து, மாதிரியாகத் தயாரித்த ஒரு டிப்லைன் அறிக்கையைக் கையில் கொடுங்கள். யு.டி.சி. நேரம், போர்ட் எண் என்ற இரண்டு பொறிகளும் அதில் இருக்கட்டும். படம் எதுவும் வேண்டாம்; பயிற்சிக்கு உண்மைப் படங்களைக் காட்டுவது எந்த நிலையிலும் கூடாது. அறிக்கையிலிருந்து குற்றப்பத்திரிகை வரை அவர்களே கொண்டுபோகட்டும். 'இது மகளிர் ஸ்டேஷன் கேஸ்', 'இல்லை, சைபர் கேஸ்' என்ற இழுபறி அந்த அறையிலேயே தீர வேண்டும். நிலையத்தில் உண்மைப் படங்களைப் பார்த்தே ஆக வேண்டியவர்களுக்கும் முறை சொல்லித் தர வேண்டும்: ஒலியை அணைத்து, கறுப்பு-வெள்ளையாக்கி, சிறிய அளவில், இடைவெளி விட்டு, சுழற்சி முறையில். மனநல ஆலோசனை கேட்பவரின் பணிப் பதிவேட்டில் அது கறையாகப் படியக் கூடாது. பயிற்சி பெற்றவரை ஆறே மாதத்தில் பந்தோபஸ்து பணிக்கு மாற்றினால் செலவிட்டதெல்லாம் வீண். ஆண்டறிக்கையில் எத்தனை கைது என்ற எண்ணுக்குப் பக்கத்தில், எத்தனை குழந்தைகள் கண்டறியப்பட்டனர் என்ற எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. இப்படி ஒரு காணொளி உங்கள் குழுவில் வந்தால், 'குற்றவாளியைப் பிடிக்க உதவுங்கள்' என்ற நல்லெண்ணத்தோடுகூட யாருக்கும் அனுப்பாதீர்கள். போலீஸ்காரரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்புவதே குற்றமாகக்கூடும். அனுப்பியவரின் எண், குழுவின் பெயர், நாள், நேரம், இணைப்பு முகவரி இருந்தால் அது, இவற்றைக் குறித்துக்கொண்டு தேசிய இணையக் குற்றத் தளத்தில் குழந்தைகள், பெண்கள் தொடர்பான பகுதியில் புகார் செய்யுங்கள். பெயர் சொல்லாமலும் செய்யலாம். குழந்தை உங்களுக்குத் தெரிந்த குழந்தையாக இருந்தால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். 1930 என்பது பண மோசடிக்கான எண். அங்கே அழைத்து நேரத்தை இழக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இணையவழிக் குற்ற வழக்குகளைக் கவனித்துவரும் வழக்கறிஞர்கள் சிலர்,
மதுரை.